மனநலக் காப்பகத்துக்கு அறங்காவலராக வரச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

தொண்டிப் பக்கம் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடற்கரையோரம் நண்பர்கள் ஒரு மனநலக் காப்பகம் நடத்துகிறார்கள். அறக்கட்டளையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வாருங்கள் என்கிறார்கள். எனக்கு மருத்துவம் தெரியாது. பெயருக்கு இருந்தால் போதும், ஆண்டுக்கு இரண்டு கையெழுத்து என்கிறார்கள். சம்பளம் கிடையாது, எனக்கு வேண்டவும் வேண்டாம். ஒப்புக்கொள்ளலாமா? நாளை ஏதாவது வந்தால் என் தலையில் விழுமா?"

ஐயா, பெயருக்கு இருப்பதென்றால் வேண்டாம். மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்க முடியும், கேள்வி கேட்கக் கூச்சப்பட மாட்டேன் என்றால் கட்டாயம் ஒப்புக்கொள்ளுங்கள். பதினோரு ஆண்டுகளாக இதே கரையில் ஒரு சிறிய அறக்கட்டளையில் அறங்காவலராக இருக்கிறேன். வங்கியில் கணக்குப் பார்த்துப் பழகியவன். நானும் மருத்துவம் படித்தவன் அல்ல. அங்கே மருத்துவம் பார்க்க மருத்துவர் வருவார். மற்ற எதையும் பார்க்க ஆள் இருக்காது. அதற்காகத்தான் அறங்காவலர்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தப் பொறுப்பை ஏற்பவர் 2001 ஆகஸ்ட் 6 என்ற தேதியை மறக்கக் கூடாது. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை விடியற்காலையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். தீ வேகமாகப் பரவியது ஒரு காரணம். ஓட முடியாதபடி அவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது அதைவிடப் பெரிய காரணம். உச்ச நீதிமன்றம் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கெடுத்தது. அப்படிப்பட்ட காப்பகங்கள் ஒரே வாரத்தில் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். அந்தக் காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007-இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த ஊரில் அன்று எல்லோருக்கும் சங்கிலி தெரிந்துதான் இருந்தது. மனநோய் குணமாகும் என்ற நம்பிக்கையில் அங்குள்ள தர்காவுக்கு வந்து போனவர்கள் கண்ணால் பார்த்தார்கள், உறவினர்களே கட்டிவிட்டுப் போனார்கள். "ராத்திரியில் இதன் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கும் கடமை மட்டும் யாருக்கும் இருக்கவில்லை. அறங்காவலராகப் போகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்.

இதை நான் பேச்சுக்காகச் சொல்லவில்லை. நான் சேர்ந்த மூன்றாம் மாதம், ஓர் இரவு ஒன்பதரை மணிக்குச் சொல்லாமல் போனேன். சங்கிலி எதுவும் இல்லை, படுக்கை சுத்தம், மின்விசிறி ஓடுகிறது, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். பெண்கள் பகுதியின் கம்பிக் கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டேன். இரவுக் காவலர் இடுப்பில் வைத்திருப்பார் என்றார்கள். காவலர் சாயல்குடி சாலையில் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை, நாற்பது நிமிடம், அந்தக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பதினாறு பெண்கள். கம்பி வழியாகக் கை நீட்டி ஓர் அம்மா எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவர் வெளியே வர முடியாது, நான் உள்ளே போக முடியாது.

அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதச் சொன்ன முதல் வரி அந்தப் பூட்டைப் பற்றியதுதான். இப்போது அந்தக் கதவில் பூட்டு கிடையாது. உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள், இரவில் ஒரு பெண் பணியாளர் அருகிலேயே படுத்திருப்பார். வாசல் கதவுக்கு மூன்று சாவிகள், மூன்று இடங்களில். செலவு 4,000 ரூபாய்கூட ஆகவில்லை. அங்கே பல ஆண்டுகளாக வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள், அன்பானவர்கள். பழகிப்போன கண்ணுக்குப் பூட்டு தெரியாது, அவ்வளவுதான்.

இனி சட்டம். உங்கள் நண்பர்கள் "இது மருத்துவமனை அல்ல, சும்மா தங்கவைத்துச் சாப்பாடு போடுகிறோம்" என்று சொல்லக்கூடும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அப்படிப் பார்ப்பதில்லை. மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் எதுவானாலும் அது மனநல நிறுவனம். உறவினர்களோடோ நண்பர்களோடோ வாழும் குடும்ப வீடு மட்டும் விலக்கு. பதிவு இல்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்ப நடந்தால் ஐந்து லட்சம் வரை போகும். ஆகவே பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், அதில் உள்ள முகவரியும் படுக்கை எண்ணிக்கையும் நேரில் பார்ப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். முப்பது பேருக்குப் பதிவு, ஐம்பது பேர் படுத்திருக்கிறார்கள் என்றால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் கூடாது என்று தடுக்கிறது. கயிறாவது கட்டலாமா என்று எங்களிடம் ஒரு தகப்பனார் கேட்டார். மகன் கடலில் இறங்கிவிடுவான் என்ற பயம் அவருக்கு. ஒருவரைக் கட்டுப்படுத்தி வைக்க வேண்டிய நெருக்கடி வந்தால்கூட அது மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான குறைந்த நேரத்துக்கு மட்டும், காரணத்தைப் பதிவேட்டில் எழுதி நடக்க வேண்டியது. தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ செய்யவே கூடாது. இன்னும் சில விஷயங்கள் மருத்துவம் தெரியாத நம் கண்ணுக்கே படும்: கட்டாயமாக மொட்டை போடக் கூடாது, சீருடை மாட்டிவிடக் கூடாது, வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். "பேன் தொல்லை, அதனால்தான்" என்று எல்லாப் பெண்களுக்கும் தலையை மழித்திருந்தால் காரணத்தைக் கேட்டு நிறுத்துங்கள். பேனுக்கு மருந்து இருக்கிறது.

சேர்க்கைப் பதிவேட்டையும் நீங்களே புரட்டிப் பார்க்கலாம். ஒருவரைத் தானே முடிவெடுக்க முடியாத நிலையில் பிறர் உதவியோடு சேர்த்தால் முதலில் 30 நாள்தான். பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் மூன்று நாளுக்குள், மற்றவர்களுக்கு ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். "குடும்பம் வந்து அழைத்துப் போகவில்லை" என்பது ஒருவரை ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கச் சட்டம் ஏற்கும் காரணமே அல்ல. ஆனால் நடைமுறையில் நம் கரையில் பாதிப் பேர் அந்தக் காரணத்தால்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அறங்காவலர் கேட்க வேண்டிய எண் இது: இந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள்? சேர்ந்தவர்கள் எண்ணிக்கையை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். போனவர்கள் எண்ணிக்கையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ராமேசுவரம் பக்கத்தில் இருப்பதால் நமக்கு இன்னொன்றும் உண்டு. வடக்கிலிருந்து வரும் ரயிலில் இறங்கி, எந்த ஊர் என்று சொல்லத் தெரியாமல் அலைபவர்கள். அப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுக்கும் காவல் நிலையம் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். காணாமல் போனவராக முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். அந்த அறிக்கையின் நகல் இல்லாமல் யாரையும் காப்பகத்தில் இறக்கிவிட்டுப் போக விடாதீர்கள். எங்களிடம் வந்த ஒரு பெண் எட்டு மாதம் யாரோடும் பேசவில்லை. இந்திக்காரர் என்றே எல்லோரும் நினைத்தோம். அக்னி தீர்த்தக் கரையில் சங்குக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு, வரும் பக்தர்களோடு பேசிப் பேசி ஐந்தாறு மொழிகள் வரும். அவரை ஒரு மாலை அழைத்துவந்தோம். அவர் ஒவ்வொரு மொழியிலும் "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஒடியாவில் கேட்டபோது அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, "இல்லை" என்றார். நாலு மாதத்தில் தம்பி வந்து அழைத்துப் போனார். அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்தது மருத்துவர் அல்ல. எங்களில் ஒரு அறங்காவலர், மீன் வியாபாரி.

தர்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளியை ஏர்வாடிக்கு அழைத்துவரும் குடும்பத்திடம் "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று தொடங்கினால் அவர்கள் அன்றிரவே வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள், மருந்தும் போய்விடும். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வந்து நிற்கும் இடம் அது. பல குடும்பங்கள் அதற்குள் எல்லாப் பக்கமும் அலைந்து களைத்திருப்பார்கள். பிரார்த்தனையும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும் என்பதுதான் தவா-துவா முறை. குஜராத்தில் ஒரு தர்காவில் தொடங்கிய அந்த வழியைத் தமிழக அரசு ஏர்வாடிக்கும் கொண்டுவந்தது. தர்காவின் பரம்பரை உரிமைதாரர்களான ஹக்தார்களோடும் அங்கே துவா ஓதும் லெப்பைமார்களோடும் உங்கள் அறக்கட்டளைக்குப் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் நீங்கள் தொடங்கி வைக்கக்கூடிய நல்ல வேலை அது. மருத்துவர் சொல்லிக் கேட்காத தாய், லெப்பை "மாத்திரையை நிறுத்தாதே அம்மா" என்றால் கேட்பார்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு ஆபத்து லித்தியம் மாத்திரை. மனநிலை ஏறி இறங்கும் நோய்க்கு நல்ல மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு சற்றே கூடினாலும் நஞ்சாகும். உடலில் உப்பும் நீரும் குறைந்தால் அளவு ஏறும். வீட்டுக்குப் போய் நன்றாகிவிட்ட ஒரு மீனவர், 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு முதல் முறையாக விசைப்படகில் போகிறார். வெயில், வியர்வை, குடிக்கத் தண்ணீர் குறைவு, கூடவே வாந்தி. கரைக்கு வரும்போது கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, தள்ளாடுகிறார். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு இது ஒருமுறை நடந்தது. மறுநாள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். அதற்குப் பிறகு லித்தியம் சாப்பிடுபவர்களின் பட்டியலை அறங்காவலர் கூட்டத்துக்கே கொண்டுவரச் சொன்னோம், பெயர் இல்லாமல், எண்ணாக. கடைசி ரத்தப் பரிசோதனை என்றைக்கு, அவர் கடலுக்குப் போகிறவரா, நோன்பு வைக்கிறவரா என்று மூன்று கட்டங்கள். அளவைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பரிசோதனை நடந்ததா என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

மாத்திரை அலமாரியை எண்ணுவதற்கும் மருத்துவப் படிப்பு தேவையில்லை. நான் ஒரு தடவை ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையின் அட்டைகளை எண்ணினேன். பதிவேட்டில் 60, அலமாரியில் 60. வங்கிக்காரனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. கணக்கு ஒரு அட்டைகூடப் பிசகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேதியைப் பார்த்தேன். அந்த 60 வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. தினமும் தீர வேண்டிய மாத்திரை மூன்று வாரமாகக் குறையவே இல்லை. செவிலியர் பிரசவ விடுப்பில் போயிருந்தார், பதிலுக்கு வந்த பெண்ணுக்கு அந்த அலமாரியே காட்டப்படவில்லை. இரண்டு பேர் இரவெல்லாம் தூங்காமல் நடந்துகொண்டிருந்ததற்குக் காரணம் வாடைக்காற்று என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று முதல், இருப்பு சரியா என்று பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்றும் பார்க்கிறேன்.

பணத்துக்கு வருகிறேன். உங்கள் தலையில் விழுமா என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. விழும். பொது அறக்கட்டளையின் சொத்து உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட சொத்து. அதை வேறு வழியில் திருப்பினால் நம்பிக்கை மோசடிக் குற்றம் வரும். திருப்பியது வேறொருவர் என்றாலும், கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டவர் இழப்புக்குப் பொறுப்பேற்க நேரும். அறக்கட்டளை சரியாக நடக்கவில்லை என்று அதில் அக்கறை உள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். அறங்காவலரை நீக்கவும் கணக்குக் காட்டவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். நல்லெண்ணத்தோடு, கவனத்தோடு, எழுத்தில் பதிந்து முடிவெடுத்தவருக்குப் பெரும்பாலும் பயமில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் கூட்டத்திலேயே சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்து வாசலில் நின்று முணுமுணுப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் ஆண்டு, நிர்வாகி முழுக் காசோலைப் புத்தகத்தையும் என் முன் வைத்து, "நீங்கள் வந்துபோகச் சிரமம், எல்லாவற்றிலும் போட்டுவிடுங்கள்" என்றார். 25 தாள். அவர் மீது எனக்கு மதிப்பு இருந்தது, மறுக்கக் கூச்சமாகவும் இருந்தது. நாலு தாளில் போட்ட பிறகுதான் கை நின்றது. அந்த நாலையும் குறுக்கே கோடிட்டு ரத்து செய்துவிட்டு, வாரம் ஒரு நாள் பஸ்ஸில் வந்து பில்லைப் பார்த்துப் போடுகிறேன் என்றேன். அவர் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே, பில் இல்லாமல் வரும் கடைக்காரர்களிடம் "ஐயா போட மாட்டார்" என்று சொல்லித் தப்பிக்கத் தொடங்கினார்.

வரி விஷயத்தில் ஆடிட்டர் இருப்பார், ஆனாலும் சிலவற்றை நீங்கள் தெரிந்து வையுங்கள். வரிவிலக்குப் பதிவு காலாவதி ஆகக்கூடியது, புதுப்பிக்கத் தவறினால் பெரிய இழப்பு. வருமானத்தில் 85 சதவீதத்தைப் பொதுவாக அந்த ஆண்டிலேயே அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 80ஜி என்று எல்லோரும் சொல்லும், நன்கொடையாளருக்கான வரிச்சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கிடையாது. கீழக்கரையிலிருந்து பெரிய தொகையைக் கையில் கொண்டுவந்து கொடுக்கும் நல்ல மனிதர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரோ வெளிநாட்டு நிறுவனமோ அனுப்பினால் ஆகும். அதற்குத் தனி அனுமதி வேண்டும், டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கிய சிறு தொகையும் அறக்கட்டளையையே சிக்கலில் மாட்டிவிடும்.

நன்கொடையாளர்களைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பிறந்தநாளுக்குப் பிரியாணி கொண்டுவருவார்கள். நல்ல மனம்தான். ஆனால் இலை போட்டதும் கைப்பேசி வெளியே வரும். வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுபவர்களின் முகங்கள் அன்று மாலையே ஊரெல்லாம் சுற்றும். அந்த முகங்களில் ஒன்று மூன்று மாதத்தில் நலமாகிப் பாம்பனுக்கோ தேவிபட்டினத்துக்கோ திரும்பிப் போய், பெண் பார்க்க வேண்டியது, கடையில் வேலை கேட்க வேண்டியது. சிகிச்சை பெறுபவரின் படத்தையும் விவரத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதைச் சட்டமும் தடுக்கிறது. எங்கள் வாசலில் ஒரு கூடை வைத்திருக்கிறோம், கைப்பேசிகள் அதில். ஆரம்பத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு நன்கொடையை நிறுத்தினார்கள். அறங்காவலர்கள் ஐந்து பேரும் ஒரே குரலில் நின்றோம். இதைப் பணியாளர் தனியாகச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

உங்கள் வேலை அல்லாததும் இருக்கிறது. யாருக்கு என்ன மாத்திரை என்று சொல்லாதீர்கள், சமையல்காரரை நேராகக் கண்டிக்காதீர்கள், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையைச் சிபாரிசில் சேர்க்காதீர்கள். பணியாளர்களின் சம்பளத்தை மட்டும் விடாமல் கேளுங்கள். இரவுப்பணி பார்க்கும் பெண்ணுக்கு மாதக் கடைசியில் சம்பளம் தள்ளிப்போனால், அதன் விளைவு முதலில் நோயாளியின் மேல்தான் தெரியும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் பிற்பகலில் போய், இருட்டும்வரை இருந்து, அவர்களோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டு வாருங்கள். அறக்கட்டளைப் பத்திரம், பதிவுச் சான்றிதழ், கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, தீர்மானப் புத்தகம் ஆகியவற்றைக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஆறு கூட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் எழுதியதுபோல இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். அஞ்சலகப் பதிவேடுகளைப் பார்த்த கண் அல்லவா. அங்கே தங்கியிருக்கும் யாராவது ஒருவரிடம், பணியாளர் பக்கத்தில் இல்லாதபோது, "இங்கே உங்களுக்கு என்ன மாற்றினால் நன்றாக இருக்கும்?" என்று கேளுங்கள். எனக்கு முதல் நாள் கிடைத்த பதில், "டீ கொஞ்சம் சூடாக வேண்டும்" என்பது. நான் சேர்ந்த மாதமே அதைச் செய்ய முடிந்தது.

பத்திரத்தின் நகல் கைக்கு வந்ததும், அறங்காவலர் விலகும் முறையும் நீக்கப்படும் முறையும் எந்தப் பத்தியில் இருக்கின்றன என்று பாருங்கள். அப்படி ஒரு பத்தியே இல்லை என்றால் கையெழுத்துக்கு முன் எனக்கு எழுதுங்கள். திருத்தப் பத்திரம் போட வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் போகும் அன்று, புறப்படும்போது கதவருகே நின்று, சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.